கௌதாரியின் வலது கால்

ஆலங்காட்டுக் கல்லூரியில் பவளாயி என்றொரு கௌதாரி இரண்டாம் ஆண்டு படித்துவந்தாள். நானூறு மீட்டர் ஓட்டத்தில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. பறவையாயிற்றே என்று யாரும் சலுகை காட்டவில்லை. ஓடும்போது சிறகடித்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

ஓட்ட அணியில் இருப்பவர்களுக்கு மட்டும் பாம்பு நுழையாத முள்புதர்களைக் கல்லூரி ஒதுக்கியிருந்தது. அணியில் இடம் போனால் புதரும் போய்விடும்.

காடுகளுக்கு இடையிலான போட்டிக்கு இரண்டே வாரம் இருந்தது. பயிற்சியின்போது பவளாயியின் வலது தொடையில் சுளீர் என்று ஒரு வலி! அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சியாளர் மந்தையப்பன் ஓர் எருமை. யாராவது மெதுவாக ஓடினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தத் தகுதிக்காகவே அவரை நியமித்திருந்தார்கள்.

"என்னம்மா, உட்கார்ந்துட்ட?"

"கால்ல ஏதோ பிடிச்சுக்கிச்சு சார்."

"வலியெல்லாம் மனசுலதான் இருக்கு! போய்ச் சேத்துல படு!"

படுத்தாள். சேறு வெயிலில் காய்ந்து இறுகிவிட்டது. மறுநாள் காலை வரப்புக் கட்டி என்று நினைத்து அவள்மேல் நான்கு தவளைகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. கொத்தி உடைத்துத்தான் அவளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு யாருக்கும் தெரியாமல் குளக்கரை வைத்தியரிடம் போனாள். அவர் பெயர் வெள்ளையம்மாள், ஒரு நாரை. தொடையை அலகால் அழுத்திப் பார்த்தார்.

"தசை கிழிஞ்சிருக்கு. ஆறு வாரம் ஓடக் கூடாது. ஒத்தைக் கால்ல நில்லு!"

"எல்லா நோய்க்கும் இதே வைத்தியம்னு சொல்றாங்களே அம்மா?"

"ஆமா. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்!"

பவளாயிக்குச் சிரிப்பு வந்தது. புதர் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "வலி போயிடுச்சு" என்று மந்தையப்பனிடம் பொய் சொன்னாள். தொடையை வாழைநாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போட்டியில் இறங்கிவிட்டாள்.

முதல் வளைவு வரை எல்லாம் சரி. இரண்டாம் வளைவில் வலி தாங்கவில்லை. திடீரென்று வலி குறைந்தது! 'ஆகா, சார் சொன்னது நிஜம்தான், எல்லாம் மனசுலதான்!' என்று மகிழ்ந்தாள். கீழே பார்த்தால் மற்ற ஓட்டக்காரர்களின் தலைகள் தெரிந்தன. தன்னையறியாமல் பறந்துகொண்டிருந்தாள்!

எல்லைக் கோட்டைத் தாண்டித் தொப்பென்று வலது காலிலேயே விழுந்தாள். நடுவராக இருந்த ஆந்தை பகல் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்தது.

"யார் ஜெயிச்சது?"

"நான்தான் ஐயா" என்றாள் பவளாயி, ஈனக் குரலில்.

"பறந்துதான் ஜெயிச்சா!" என்று கூட்டம் கத்தியது.

அணியில் இடம் போயிற்று. புதரை ஒரு முயலுக்குக் கொடுத்தார்கள். கிழிந்த தசை இன்னும் கிழிந்து, ஆறு வாரம் நான்கு மாதமானது.

இப்போது வைத்தியர் சொன்னபடி குளக்கரையில் ஒற்றைக் காலில் நின்றாள். மீன்கள் தலை நீட்டி, "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கும். அவள் பதில் சொல்வதற்குள் வைத்தியர் அவற்றை விழுங்கிவிடுவார். ஆனாலும் தினமும் புதிதாக ஒரு மீன் வந்து கேட்டது. ஒருநாள் பவளாயி முந்திக்கொண்டாள். "வலிக்குது! ரொம்ப வலிக்குது!" என்று கத்தி அழுதாள். நெஞ்சு லேசாயிற்று. கேட்ட மீனும் தப்பித்துப் போயிற்று.

இரண்டாம் மாதம் பத்தடி நடந்தாள். மூன்றாம் மாதம் குளத்தைச் சுற்றினாள். நடுவில் ஒருமுறை மறுபடி பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் ஒற்றைக் காலில் நின்றுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நான்காம் மாதம் மைதானத்துக்கு வந்தாள்.

"அஞ்சு சுற்று ஓடு!" என்றார் மந்தையப்பன்.

மூன்று சுற்றில் நின்றுவிட்டாள். "இன்னைக்கு இவ்வளவுதான் சார். இதுக்கு மேல வலிக்குது."

அவரிடம் அப்படிச் சொன்னவர் யாருமில்லை. மந்தையப்பன் வெகுநேரம் அசைபோட்டார்.

"அப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"சொல்லலாம் சார்."

"அப்போ... என் பின்னங்கால் குளம்புல ஒன்பது வருஷமா ஒரு முள்ளு இருக்கும்மா!"

வைத்தியர் வந்து முள்ளைப் பிடுங்கினார். மந்தையப்பன் "அம்மா!" என்று கதறினார். அப்புறம் தடதடவென்று மைதானத்தை மூன்று முறை சுற்றினார். அன்று அவர் ஓடிய நேரத்தைக் கல்லூரி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முயல்களுக்கு அவமானமாகிவிடும்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன், "யாருக்கு எங்கே வலி?" என்று கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதினார்.

அணிக்கு ஆள் எடுக்கும் அடுத்த போட்டியில் பவளாயி இறக்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடினாள். கடைசி வளைவில் தொடை லேசாக இழுத்தது. கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள். மூன்றாவதாக வந்தாள். அணியில் சேர அது போதும்.

"மூணாவதுதானா?" என்றார் மந்தையப்பன்.

"ஆமா சார். ஆனா நாளைக்கும் ஓடுவேன்!"

வலியை மறைத்து ஓடுபவர் ஒருநாள்தான் ஓட முடியும். அதை ஒளிக்காமல் சொல்லிக் குணமாக்கிக்கொள்பவரே நெடுநாள் ஓடுவார்.