ஹார்மோன் வேண்டாத புட்டி

மலையில் கடைசியாக நின்ற அந்த மூலிகைச் செடியை மண்சரிவு அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது பேராசிரியர் நாச்சியாரின் ஆய்வகத்தில், கண்ணாடிப் புட்டிகளுக்குள் வளர்ந்துகொண்டிருந்த அதன் செல்கள் மட்டும்தான். அவற்றிலிருந்து மறுபடி ஒரு செடியை எழுப்பும் வேலை ஆய்வு மாணவன் எபநேசருக்கு வந்து சேர்ந்தது.

லேசில் வளர்கிற செல்கள் இல்லை. ஊட்டக் கூழில் ஹார்மோன் கலந்து வைத்தால் கொஞ்சம் பெருகும். கலக்காவிட்டால் பழுப்பேறிச் செத்துவிடும்.

ஒருநாள் ஒரு தட்டுப் புட்டிகளுக்கு ஹார்மோன் சேர்க்க மறந்துவிட்டான். எல்லாம் கருகிப்போயின. ஒன்றே ஒன்று மட்டும் நுரை பொங்குகிற மாதிரி வளர்ந்து நின்றது.

எபநேசருக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பிரித்துப் பிரித்து வளர்த்தான். அலமாரியில் இடம் போதவில்லை. ஹார்மோன் கொடுத்து வளர்த்துவந்த பழைய புட்டிகளைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நாச்சியாரிடம் வந்தான்.

“மேடம், இனிமே புதுசே போதும். இதையெல்லாம் கொட்டிடவா?”

“கொட்டலாம். அதுக்கு முன்னாடி ரெண்டுலயும் ஒரு தளிர் வர வைங்க.”

தளிர் விடச் சொல்லும் ஹார்மோனை இரண்டுக்கும் கொடுத்தான். புதியது பொங்கியது. அளவைக் கூட்டினான், பொங்கியது. சரி, வேராவது விடட்டும் என்று வேருக்கான ஹார்மோனைக் கொடுத்தான். அப்போதும் பொங்கியது. வேரும் இல்லை, இலையும் இல்லை. வெளுத்த கட்டி, அவ்வளவுதான்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பழைய புட்டி ஒன்றில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

எபநேசர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அந்தத் தட்டைக் கொட்டியிருந்தால்?

இரண்டு புட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய் நாச்சியாரின் மேசையில் வைத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தளிரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துடுச்சு எபநேசர்.”

“வந்துடுச்சு மேடம். ஆனா எனக்கு ஒண்ணு புரியல.” அவன் வெளுத்த கட்டி இருந்த புட்டியை முன்னால் நகர்த்தினான். “இதுக்கு என்ன குறை? தானா வளருது. நம்மகிட்ட எதையும் கேக்கலியே.”

“ஆமா,” என்றார் நாச்சியார். “நாம சொன்னாலும் கேக்கல.”