முப்பத்தோரு முறை செத்தவன்

“முப்பத்தோரு படத்துல செத்திருக்கேன். ஒண்ணுலயாவது என் பேரைப் போட்டானா?”

நடிகன் கத்தினான்.

டட்லி குதிரையின் பின்னங்காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான்.

இடம் அரிசோனா பாலைநிலம். அப்பாச்சே என்ற செவ்விந்திய மக்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய மண். டட்லி அங்கே மந்திரப் பாட்டுக்காரன். நோயாளிகள் அவனிடம் வருவார்கள். வழி தெரியாதவர்களும் வருவார்கள். மற்ற நேரத்தில் லாடம் அடிப்பான்.

நடிகன் கௌபாய் படங்களில் சாகிறவன். இருவருக்கும் ஒரே வயது, அறுபதுக்குப் பக்கம். ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள்.

நடிகனுடைய பெயரா? படத்திலேயே போடவில்லை. நானும் இப்போது போடுவதாக இல்லை.

“காது கேக்குதா இல்லையா?” என்றான் நடிகன்.

“குதிரைக்கும் கேக்குது. மெதுவாப் பேசு. உதைச்சா எனக்குத்தான் விழும்.”

வெகுநாள் கழித்து வருகிறவன் அங்கே எடுத்த எடுப்பில் பேசமாட்டான். கொஞ்ச நேரம் சும்மா உட்காருவான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகுதான் பேச்சு. சினிமாவில் இருந்து இருந்து நடிகனுக்கு அது மறந்துபோயிற்று.

டட்லி குளம்பைக் கீழே விட்டான். முதுகை நிமிர்த்தினான். உட்கார்ந்தான்.

நடிகனும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும் அடித்தது.

“இப்ப சொல்லு.”

“அப்பாச்சே நம்பர் மூணு. அதுதான் போடறான். அதுக்கு முந்தின படத்துல நம்பர் ரெண்டு. குதிரைக்குப் பேர் போட்டான், டட்லி! கதாநாயகனோட குதிரைக்கு! தனியா, பெரிய எழுத்துல!”

“நல்ல குதிரையா?”

“கடிக்கும்.”

டட்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினான்.

“சிரிக்காதே. அவங்களாவது வெள்ளைக்காரங்க. நீ? நான் வந்து எவ்வளவு நேரமாச்சு. ஒரு வாட்டி என் பேரைச் சொன்னியா? ரெண்டு வருஷமாவே சொல்றதில்ல. கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நீயே சொல்லிக்கோ.”

“தன் பேரைத் தானே எவனாவது சொல்லிக்குவானா? அடுத்தவன்தானே சொல்லணும்!”

“பரவாயில்ல. அந்த வழக்கமாவது ஞாபகம் இருக்கு.”

“ஏன் சொல்லமாட்டேங்கிற?”

“செத்தவங்க பேரை நாம சொல்றதில்ல.”

நடிகன் எழுந்துவிட்டான். “அது சினிமா!”

“தெரியும். எனக்கென்ன பைத்தியமா? மாதாகோயில் கூடத்துல பெஞ்சில உக்காந்து பார்த்தவன் நான். குண்டு பட்டுக் கீழே விழுந்தானே, அவன் யாரு?”

“நான்தான்.”

“நீன்னா?”

“அப்பாச்சே நம்பர் மூணு.”

“அவன் யார் மகன்?”

“அதெல்லாம் கதையில இல்ல.”

“எந்த ஊரு?”

“அதுவும் இல்ல. மலை மேல இருந்து குதிரையில வருவான், சாவான்.”

“பேரு?”

நடிகன் வேறு பக்கம் பார்த்தான்.

“பின்னே எதைச் சொல்லிக் கூப்பிட?” என்றான் டட்லி.

நடிகன் கல்லை எட்டி உதைத்தான். கால் வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

“அவங்க எழுதுறது அப்படி. நான் என்ன செய்ய? எழுதிக் குடுக்கிற வசனம்கூட எனக்குக் கிடையாது. சாகும்போது உன் பாஷையில ஏதாவது கத்துன்னு டைரக்டர் சொல்லுவான். அவ்வளவுதான்.”

“என்ன கத்தின?”

நடிகனுக்கு இப்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது. “உனக்குத் தெரியாதா? காப்பி கழுநீர் மாதிரி இருக்குன்னு கத்தினேன். அதுக்கு முந்தின படத்துல, டைரக்டர் காலுறை நாறுதுன்னேன். அவன் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். என்ன வீரம், என்ன வீரம்னான். நம்ம கூடத்துல எல்லாரும் பெஞ்சிலேருந்து விழுந்து விழுந்து சிரிச்சாங்களே!”

“அங்க எத்தனை பேருக்குப் புரிஞ்சுது?”

“ஒருத்தனுக்கும் புரியல. அதுதானே வேடிக்கை.”

“எங்களுக்குப் புரிஞ்சுது.”

டட்லி எழுந்து அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்தான். தகரக் குவளையில் ஊற்றி நடிகனிடம் நீட்டினான்.

நடிகன் குடித்தான்.

“காப்பி எப்படி?”

“நல்லா இருக்கு.”

“அப்ப நீ படத்துல எங்களுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் முடிஞ்சுபோச்சு. போ.”

“டட்லி, அடுத்த வாரம் இன்னொரு படம் இருக்கு. போகட்டுமா வேண்டாமா, அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

டட்லி குதிரையின் அடுத்த காலைத் தூக்கிவிட்டான்.

நடிகன் குவளையைத் தரையில் வைத்தான். வைத்தானா, போட்டானா, எனக்குத் தெரியாது. சத்தம் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனான்.

அடுத்த வாரம் படத்துக்கும் போனான்.

வழக்கம்போல வெள்ளைத் தொப்பிக்காரன் சுட்டான். வழக்கம்போல இவன் விழுந்தான். டைரக்டர், “ஏதாவது கத்து” என்றான். இவன் கத்தவில்லை, பேசினான். நீளமாகப் பேசினான். டைரக்டருக்குப் பொறுமை போய்விட்டது. ஆனால் பின்னால் இருந்த மலை படத்தில் நன்றாக விழுந்திருந்தது. வெட்டாமல் விட்டான்.

எட்டு மாதம் கழித்து மாதாகோயில் கூடத்துக்கு அந்தப் படம் வந்தது.

நடிகன் உள்ளே போகவில்லை. வாசல் கதவுப் பக்கம் நின்றுகொண்டான். டட்லி முன் பெஞ்சில் இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் குண்டு பட்டது. நடிகன் குதிரையிலிருந்து விழுந்தான். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

“காப்பியைப் பத்திச் சொல்லு!” என்று யாரோ கத்தினார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

திரையில் இருந்தவன் நேராகப் பார்த்தான். அவர்களைத்தான் பார்த்தான்.

“இந்த இடத்தைப் பேய்க் கணவாய்னு இவங்க சொல்றாங்க. பொய். நம்பாதீங்க.”

சிரிப்பு பாதியில் நின்றது.

திரையில் அவன் உதட்டைக் குவித்துப் பின்பக்கம் காட்டினான். அந்த மக்கள் விரலால் சுட்டமாட்டார்கள்.

“நம்ம பாஷையில இதுக்குப் பேரு, வெள்ளைப் பாறை ஆத்துல இறங்குற இடம். பட்டாளக்காரன் துரத்துற வரைக்கும் எங்கம்மா இங்கதான் சோளம் போட்டா. அந்த மேடுதான் அவ கொல்லை. நான் அவ மகன். எனக்கு ஒண்ணும் ஆகல. இவனுக்குச் சுடத் தெரியல. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். காப்பி போட்டு வைங்க.”

அப்புறம் செத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி மாறிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெயர்கள் ஓடின. குதிரையின் பெயர் வந்தது. பிறகு, அப்பாச்சே நம்பர் நாலு.

“நாலாம்!” என்று நடிகன் பல்லைக் கடித்தான். வெளியே போய்விட்டான்.

வெளியே கல் அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. படம் முடிந்ததும் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். டட்லி எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை. இரண்டு குவளைகளில் ஊற்றிவிட்டான். ஒன்றை எடுத்துக்கொண்டான். இன்னொன்றைப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்தான்.

நடிகன் தள்ளியே நின்றான்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும் அடித்தது.

“ஏமோஸ்,” என்றான் டட்லி. “காப்பி ஆறுது.”