ஒரு மொச்சை

மலையடிவாரத்தில் உமையாள் அம்மையின் மடம் இருந்தது. தானிய அறைச் சாவியை எந்தச் சீடர் வைத்திருப்பது என்பதை அங்கே அம்மை முடிவு செய்வதில்லை. அமாவாசைதோறும், சாவி வைத்திருப்பவரைத் தவிர மற்ற ஆறு சீடர்களும் ஆளுக்கொரு துவரையும் ஒரு மொச்சையும் எடுத்துக்கொண்டு, வாய் குறுகிய பானைக்குள் கையை விடுவார்கள். துவரையைப் போட்டால் இப்போது இருப்பவரே தொடரட்டும் என்று பொருள். மொச்சையைப் போட்டால் வேண்டாம்.

மழை பொய்த்த அந்த ஆண்டு சாவி கூத்தனிடம் இருந்தது. முன்பு அரசனின் படையில் இருந்தவன், ஐம்பதை நெருங்கியவன். தன் கஞ்சியைக் குறைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஊற்றினான். பத்து மாதம் பானையில் துவரை மட்டுமே விழுந்தது. அவனுக்கும் அது பழகிப்போயிற்று.

பதினோராம் மாதம் ஐந்து துவரை, ஒரு மொச்சை.

சாவி அவனிடமேதான் இருந்தது. ஆனால் கஞ்சியைக் குடிக்காமல் எழுந்தான். நேரே அம்மையிடம் போனான். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இனிமேல் பானை வேண்டாம், அம்மா. எல்லோரும் கையைத் தூக்கிச் சொல்லட்டும்."

"ஏன்?"

"அது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

"தெரிந்தால்?"

"ஒன்றும் செய்ய மாட்டேன்."

"அவன் கலயத்துக்கு மேல் உன் அகப்பை எப்போதும் போலச் சாயுமா?"

கூத்தன் யோசித்தான். பொய் சொல்ல வராத மனிதன்.

"சாயாது" என்றான்.

அம்மை கீரையைக் கீழே வைத்தார். "அரசனிடம் இருபது வருடம் இருந்தாயே. அங்கே யாராவது வேண்டாம் என்று சொன்னதுண்டா?"

"ஒருவன் சொன்னான். போர் வேண்டாம் என்று. என் தம்பி." அவன் குரல் இறங்கியது. "கோட்டை வாசலில் வைத்து வெட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்."

"இங்கே ஒருவன் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வேளையும் உன்னிடமே கலயத்தை நீட்டுகிறான்."

கூத்தன் அழுதுவிட்டான். கோபம் போன இடம் தெரியவில்லை. தம்பிக்குக் கிடைக்காதது இந்த மடத்தில் யாரோ ஒருவனுக்குக் கிடைத்திருக்கிறதே என்று நெஞ்சு நன்றியால் நிறைந்துவிட்டது.

"அவன் காலில் விழ வேண்டும் போலிருக்கிறது, அம்மா. இப்போதாவது சொல்லுங்கள், அது யார்?"

"எனக்கும் தெரியாது" என்றார் அம்மை. "ஆறு பேர் காலிலும் விழு."