உவர்மண் மேட்டை விழுங்கிய மலையாண்டி

ஆனைக்கல் காட்டில் மலையாண்டி என்றொரு யானை இருந்தான். தின்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் நுழைந்த மூங்கில் புதர், அவன் வெளியே வரும்போது வெட்டவெளியாக இருக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். ஓடைக்கரையில் உப்புக் கரிக்கும் உவர்மண் மேட்டில் விலங்குகள் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு சிட்டிகை மண் தின்றுவிட்டுப் போகும். மலையாண்டிக்கு இது கேவலமாகப் பட்டது.

"மலையையே திங்கிறவன் நான். சிட்டிகை மண்ணு எனக்கு எந்த மூலைக்கு?" என்றான்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. அந்த மண்ணுல ஏதோ சத்து இருக்கு. கொஞ்சம்தான் வேணும், ஆனா அது இல்லாம முடியாது," என்றது அவன் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனா.

"நீ உண்ணியைப் பாரு தங்கச்சி."

மண்ணைத் தொடாமலே இருந்த மலையாண்டிக்குச் சில மாதங்களில் நாக்கு செத்துப்போனது. கரும்பும் கட்டையும் ஒரே ருசி. ஒருநாள் வனக்காவலரின் குடையைப் பலாப்பழம் என்று நம்பித் தின்றுவிட்டான். கம்பி பல்லில் சிக்கியபோதுதான் சந்தேகமே வந்தது.

காலும் நடுங்கியது. ஓடையோ வற்றிக்கொண்டிருந்தது, பௌர்ணமிக்கு யானைக் கூட்டம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கிளம்பிவிடும். நடக்க முடியாதவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். மலையாண்டிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

"தங்கச்சி, மண்ணு தின்னா சரியாயிடுமா?"

"ஆயிடும்ணே. அப்பப்ப ஒரு சிட்டிகை."

"சிட்டிகைக்கே சரியாகும்னா, மேடு முழுக்கத் தின்னா நான் எல்லாருக்கும் முன்னாலயே போய்ச் சேர்ந்துடுவேனே!"

தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை. மைனா கத்தக் கத்த, பொழுது சாய்வதற்குள் மேட்டையே விழுங்கினான். வயிறு கல்லாகிவிட்டது. படுத்தவனால் எழுந்திருக்க முடியவில்லை.

பௌர்ணமி வந்தது. கூட்டம் கிளம்பியது. "நில்லுங்க, நானும் வர்றேன்" என்று அழுதான். அவன் அத்தை மட்டும் திரும்பிப் பார்த்தாள், அவளும் நிற்கவில்லை.

மறுநாள் காலை மற்ற விலங்குகள் மண் தின்ன வந்தன. மேட்டைக் காணோம். அதன் இடத்தில் மலையாண்டி மண் அப்பிய உடம்போடு கிடந்தான். மான் சற்று யோசித்துவிட்டு, அவன் தும்பிக்கையை நக்கிப் பார்த்தது.

"உப்பாத்தான் இருக்கு. வரிசையில வாங்க," என்றது.

பன்றி காதை நக்கியது. முயல் வாலை நக்கியது. மலையாண்டிக்கு அழுகையும் கூச்சமும் சேர்ந்து வந்தன. "போங்கடா" என்று சொல்லக்கூட மூச்சில்லை.

உடம்புக்குச் சிட்டிகையளவே வேண்டியதை அற்பமென்று ஒதுக்கினாலும் கேடு, ஆசைப்பட்டு மலையளவு விழுங்கினாலும் கேடு.