ஏழும் இரண்டரையும்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மதலேன் டீச்சர் சொன்னது ஒன்று, நான் சொல்வது வேறு என்று ஆகிவிடக் கூடாது. ஓர் எண் மாறினாலும் எல்லாம் மாறிவிடும்.

மாதாவை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

*

"டீச்சர், ஏழு பெரிசா, இரண்டரை பெரிசா?"

டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஏழு, அக்கா?"

டீச்சருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. மும்பையில் ஒரு வங்கியில், பல தேசத்துக் கடன் பத்திரங்களுக்கு விலை போடும் வேலையில் இருந்தவர். இப்போது காரைக்காலில் எங்கள் மாதா கோயில் மாடியில் பெண்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். நான் அந்தக் கோயில் வாசலில் பூ விற்கிறேன். சாயங்காலம் படியேறிப் போய்ச் சந்தேகம் கேட்பேன். ஒரே சந்தேகத்தை மூன்று நாள் கேட்பேன். அவர் மூன்று நாளும் பதில் சொல்வார்.

என் தம்பி லூயி பாரிஸில் ஓட்டல் சமையற்கட்டில் வேலை செய்கிறான். பதினோரு வருஷத்தில் இருபதாயிரம் யூரோ சேர்த்திருக்கிறான். ஐந்து வருஷம் கழித்து அங்கேயே ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அதுவரை எதில் போடுவது? இங்கே ரூபாய்ப் பத்திரத்தில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஏழு வட்டி. அங்கே யூரோ பத்திரத்தில் இரண்டரை.

'நீ சொல்லுக்கா, அப்படியே செய்யறேன்' என்றான் போனில்.

சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

*

"பத்திரம்னுதானே பேர் வச்சிருக்காங்க? அப்ப பத்திரமாத்தானே இருக்கும், டீச்சர்?"

"உங்க பேர் என்னக்கா?"

"சாந்தமேரி."

டீச்சர் என் விரல்களையே பார்த்தார்.

நான் புடவைத் தலைப்பை முறுக்குவதை நிறுத்தினேன்.

*

அவர் பலகையில் புள்ளிகள் வைத்தார். ஒரு வருஷக் கடனுக்கு இவ்வளவு வட்டி, ஐந்து வருஷத்துக்கு இவ்வளவு, பத்து வருஷத்துக்கு இவ்வளவு. புள்ளிகளைச் சேர்த்தார். மெல்ல மேலேறும் ஒரு கோடு வந்தது.

"இது யூரோ."

அதற்கு மேலே இன்னொரு கோடு போட்டார்.

"இது ரூபாய். எது உசரம்?"

"மேல இருக்கறது."

"அப்படியா?"

சாக்பீஸைக் கீழே வைத்தார். விளக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

நான் இருட்டில் நின்றுகொண்டு, என்ன தப்பாகச் சொன்னேன் என்று யோசித்தேன்.

*

மறுநாள் மாதத்தின் முதல் வெள்ளி, கோயிலில் கூட்டம் சேரும் நாள். காலையில் கடையைப் பரப்பியதும் டீச்சர் வந்தார்.

"ஒரு முழம் மல்லி, அக்கா."

அளந்து கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். காசைக் கூடையில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலப் பூசைக்குக் கூட்டம் நெரிக்கும்போது மறுபடியும் வந்தார்.

"ஒரு முழம் மல்லி."

"காலையிலதானே வாங்குனீங்க?"

"கொடுங்கக்கா."

கொடுத்தேன்.

பூசை முடிந்து மேலே போனபோது இரண்டு சரங்களும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று வாடியிருந்தது. வாடாதது நாலு விரற்கடை குட்டையாக இருந்தது.

எனக்குக் காது சுட்டது.

"நான் மடக்கறதில்லை, டீச்சர். கூட்டம் வந்தா முழங்கை தானா மடங்கிடும்."

"தெரியும்."

"மாதா சத்தியமா."

"உங்களைத் திட்டலைக்கா. இது எத்தனை முழம்?"

"ஒண்ணு."

"அது?"

"அதுவும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு நானே நின்றேன். பலகையில் நேற்றைய கோடுகள் இரண்டும் அழியாமல் இருந்தன.

"ரூபாயும் இப்படி மடங்குமா, டீச்சர்?"

"மடங்கலாம். நீளவும் செய்யலாம். யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சா இந்த மாடியில எதுக்கு உட்கார்ந்திருக்கேன்?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலா இருந்தேன்?

"தெரியாததுக்கு ஒரு வழி இருக்கு" என்றார். "அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற ரூபாய்க்கு எத்தனை யூரோன்னு இன்னிக்கே விலை பேசி எழுதிக்கலாம். வங்கிக்காரங்க எழுதிக்கிட்டு அதுக்கு ஒரு தொகை கழிச்சுப்பாங்க. கழிச்சது போக அந்த ஏழுல எவ்வளவு மிஞ்சும்?"

"எவ்வளவு?"

டீச்சர் மூன்று விரலைக் காட்டினார். பிறகு மூன்றாவது விரலைப் பாதி மடக்கினார்.

*

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் மனசு ஆறாதே.

"எழுதாம விட்டா?"

"ஏழும் கிடைக்கலாம். போட்டதே குறையவும் குறையலாம்."

"ஏழு கிடைச்சா அவனுக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அப்ப?"

"உங்க தம்பி அந்த வீட்டை எதைக் கொடுத்து வாங்குவாரு?"

நான் பலகையைப் பார்த்தேன். கீழே இருந்த கோடுதான் யூரோ.

*

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பாரிஸில் ஒரு ஏஜென்ட் லூயியிடம், இருபது வருஷ யூரோ பத்திரமாக வாங்கு, மூன்றரை கிடைக்கும், ஐந்தாம் வருஷம் விற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறார். அதையும் கேட்டேன்.

டீச்சர் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினார். 'வைகாசியில் பத்து முழம் தருவேன்.'

"இதை என்ன விலைக்கு வாங்குவீங்க?"

"நூறு ரூபாய்."

"நீங்க வாங்கின மறுநாள், பக்கத்துக் கடை ரீட்டா அதே நூறுக்குப் பன்னிரண்டு முழம்னு எழுதிக் கொடுக்கறாங்க. உங்க சீட்டை யார்கிட்டயாவது வித்துட்டு வாங்க."

"நூறுக்கு யார் வாங்குவா? எண்பத்து மூணு கேட்பாங்க."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"இதுக்கு யார் சொல்லணும், டீச்சர்?"

"வைகாசி வரைக்கும் வச்சிருந்தா?"

"பத்து முழம் வந்துரும்."

டீச்சர் அந்தத் தாளை என் கையிலேயே விட்டுவிட்டார்.

"அந்த ஏஜென்ட் சொல்ற பத்திரத்துக்கு வைகாசி இருபது வருஷம் கழிச்சுத்தான். உங்க தம்பிக்குப் பணம் எப்ப வேணும்?"

*

ஞாயிற்றுக்கிழமை லூயி கூப்பிட்டான். சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

"அங்கேயே போடுப்பா. யூரோவில. அஞ்சு வருஷத்துல முடியற அரசாங்கப் பத்திரம். முடியற வரைக்கும் விக்காதே."

"இரண்டரைதானாக்கா?"

"இரண்டரைதான்."

 போனில் அவனுக்குப் பின்னால் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

"கோபமா?"

"இல்லைக்கா. ஊர்ல போட்டா வருஷம் ஒருதரம் அதைப் பார்க்க வர்ற மாதிரி இருக்கும்னு நினைச்சேன்."

இதை டீச்சரிடம் நான் கேட்டுவைக்கவில்லை. மனப்பாடம் செய்ததிலும் இல்லை.

"இருபதாயிரத்துக்கு வருஷ வட்டி எவ்வளவு வரும்?" என்றேன்.

"ஐநூறு."

"சென்னைக்கு வந்து போக டிக்கெட் எவ்வளவு?"

"மழைக்காலத்துல எடுத்தா ஐநூத்தம்பது, அறுநூறு."

"மிச்சத்தை நான் போடறேன்" என்றேன். "வந்துரு."