நாலு எலியும் நானூறு வாலும்

சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த மெஹராஜுக்கு முப்பத்து நாலு. ஆய்வுக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. சவரிமுத்து அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் எவரானாலும் அவருக்கு டீச்சர்தான்.

அன்று காலை அறிக்கையும் கையுமாக வந்தார். மதியம் அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும். சிவப்புச் சாயம் ஒன்று டி.என்.ஏ.வை உடைக்கிறதா என்று எலிகளில் பார்த்த சோதனை அது. செல்லில் மின்சாரம் பாய்ச்சினால் உடைந்த டி.என்.ஏ. வெளியே இழுபட்டு வால்நட்சத்திரம்போல வால் விடும். சேதம் கூடினால் வாலும் நீளும்.

அந்தச் சாயத்தைக் காய்ச்சும் பட்டறையில் இருபது வருஷம் நின்ற அவருடைய அண்ணன் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். சாயத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் விடுவதில்லை என்று சவரிமுத்து நெஞ்சுக்குள் கறுவிக்கொண்டிருந்தார். ஆனாலும் வாலை அளந்ததில் கள்ளம் இல்லை. எது எந்த எலியின் செல் என்று தெரியாதபடி தகடுகளின் பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அளந்தார்.

"சாயம் குடிச்சதுல நானூறு செல், தண்ணி குடிச்சதுல நானூறு. வால் ரெண்டு மடங்கு டீச்சர். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மெஹராஜ் அறிக்கையைத் திறக்கவில்லை.

"சார், சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லைன்னேனே."

ஐந்து தடவை கேட்டார். ஐந்தாவது தடவை சவரிமுத்துவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மெஹராஜ் பலகையில் எழுதினார்: இந்தக் கட்டடத்தில் ஐந்து பேர் சாப்பிடவில்லை.

"நான் ஒருத்தன்தானே டீச்சர்?" என்றார் சவரிமுத்து.

"எத்தனை எலி சார்?"

"சாயத்துக்கு நாலு, தண்ணிக்கு நாலு." குரல் இறங்கிவிட்டது.

எலிக்கு ஒரு தாள், தாளுக்கு நூறு செல். எட்டுத் தாளையும் மேஜைமேல் பரப்பச் சொன்னார் மெஹராஜ். தண்ணீர் குடித்த எலிகளின் வால் நீளச் சராசரி ஆறு, ஐந்து, ஏழு, ஆறு. சாயம் குடித்தவற்றில் ஆறு, ஏழு, ஐந்து. மூன்றாம் கூண்டு எலிக்கு மட்டும் முப்பத்தொன்று. இத்தனை நாளாக இந்தத் தாள்களைத் தனித்தனியாகப் பார்க்கத் தோன்றவேயில்லையே என்று சவரிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஒரு எலிக்குச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லையா, வேறு ஏதாவது நோயா என்று மெஹராஜ் கேட்டார். தெரியாது என்றார் சவரிமுத்து.

"அப்போ சாயம் நல்லதுன்னு எழுதணுமா?"

"அதையும் இந்த நாலு எலி சொல்லாது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அண்ணன் செத்தது பொய்யா டீச்சர்?"

மெஹராஜ் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்து மேஜையின் ஓரத்தில் தள்ளி வைத்தார். மிச்சம் ஏழு தாளும் ஒன்றுபோல இருந்தன.

"நிஜம் சார். அதனாலதான் சொல்றேன். மதியம் நீங்க இதைக் கொடுத்தா, நாளைக்குப் பட்டறைக்காரங்க வக்கீலும் இந்தத் தாளை இப்படித்தான் தள்ளி வைப்பார். அதுக்கப்புறம் நீங்க நூறு எலியோட வந்தாலும், உங்க அண்ணனுக்காகப் பேசறதை யாரும் கேக்கமாட்டாங்க."