புகைக்குள் போன தாளம்

தாளம் தெரியாத முதலாளி தணிகைநாதன், பாட்டுக்கேற்பத் திரையைத் தட்டும் கேம் ஒன்று செய்தார். எப்போது தட்டவேண்டும் என்று காட்டும் புள்ளிகளை, அவர் திரையில் சேர்த்த புகையும் வாணவேடிக்கையும் மறைத்தன.

"புள்ளியே தெரியல சார்," என்றாள், கேம்களை விளையாடிச் சோதிக்கும் பெனிட்டா.

"அதாம்மா சவால்! வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபுல் ஸ்கோர் எடு. இல்லன்னா வேற வேலை பாரு."

வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் பெனிட்டா துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த பாட்டின் தாளத்துக்குத் தட்டினாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"பார்த்தா தோக்குறேன் சார், பார்க்காம ஜெயிக்குறேன். அப்ப உங்க புகை எந்தத் திறமையைச் சோதிக்குது?"

அறையே சிரித்தது. தணிகைநாதன் சிரிக்கவில்லை.

மறுவாரம் அதே புகையோடு கேம் வெளிவந்தது. "கண்ணைக் கட்டிக்கொண்டு ஜெயிப்பீர்களா?" என்ற விளம்பரத்தில் பெனிட்டாவின் படம். அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.